மாலுமி சிமன் சிங்கின் பதக்கம்

குடியரசு நாள் அன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவார்கள். ஊரில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் இருந்தால் அவரையும் அழைப்பார்கள். அவர் தேய்த்த சட்டை போட்டு வருவார். சட்டையின் இடது பக்கம் வண்ண ரிப்பனில் பதக்கங்கள் தொங்கும். பிள்ளைகள் அவரைச் சுற்றி நிற்பார்கள்.

"இது எதுக்குத் தாத்தா குடுத்தாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்கும்.

நல்ல கேள்வி. பதக்கம் எதற்காகக் கொடுக்கிறார்கள்? எதிரியைக் கொன்றதற்கா? கப்பலை மூழ்கடித்ததற்கா? அதற்கும் கொடுப்பது உண்டு. ஆனால் இங்கே நாம் படிக்கப்போகும் மாலுமி எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. மூழ்கியது அவருடைய படகுதான். கடைசியில் அவர் எதிரியிடம் பிடிபட்டும் போனார். அப்படியிருந்தும் நாட்டின் மிகப் பெரிய பதக்கங்களில் ஒன்று அவருக்குக் கிடைத்தது.

அவர் பெயர் சிமன் சிங்.

வறண்ட ஊரில் பிறந்த மாலுமி

அரியானா மாநிலத்தில் ரேவாரி என்று ஓர் ஊர் இருக்கிறது. டெல்லிக்குத் தென்மேற்கே இருக்கிறது. ராஜஸ்தான் எல்லை பக்கம்தான். மழை குறைவு. கம்பும் கடுகும் விளையும் பூமி. அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1945-ஆம் ஆண்டு சிமன் சிங் பிறந்தார்.

அரியானாவுக்குக் கடற்கரையே கிடையாது. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ரயிலில் போக வேண்டும். அந்தப் பக்கத்து இளைஞர்கள் படையில் சேருவது பழைய வழக்கம். பெரும்பாலும் தரைப்படைக்குப் போவார்கள். சிமன் சிங் கடற்படையில் சேர்ந்தார்.

கடற்படையில் அதிகாரிகள் வேறு, மாலுமிகள் வேறு. அதிகாரி உத்தரவு போடுவார். கயிறு இழுப்பது, எஞ்சினைப் பார்ப்பது, பீரங்கியை இயக்குவது எல்லாம் மாலுமிகளின் வேலை. மாலுமிகளிலும் படிகள் உண்டு. புதிதாகச் சேருகிறவர் கீழ்ப்படியில் இருப்பார். சில ஆண்டுகள் வேலை செய்து, தேர்வும் எழுதித் தேறினால் 'லீடிங் சீமேன்' ஆகலாம். தரைப்படையில் 'நாயக்' என்று சொல்கிறார்களே, அதற்குச் சமமான படி அது. 1971-இல் சிமன் சிங் லீடிங் சீமேனாக இருந்தார். அவருக்கு அப்போது 26 வயது.

போர் ஏன் வந்தது?

இதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் மேலே கதை புரியும்.

1947-இல் பாகிஸ்தான் உருவானபோது அது இரண்டு துண்டுகளாக இருந்தது. ஒரு துண்டு இந்தியாவுக்கு மேற்கே. இன்னொன்று கிழக்கே. நடுவில் இந்தியா. கிழக்குத் துண்டில் வாழ்ந்தவர்கள் வங்காளி மக்கள். அவர்கள் பேசியது வங்க மொழி. ஆட்சி அதிகாரம் மேற்கில் இருந்தவர்களின் கையில் இருந்தது.

1970 டிசம்பரில் தேர்தல் நடந்தது. கிழக்கைச் சேர்ந்த ஷேக் முஜிபுர் ரகுமானின் கட்சி வெற்றி பெற்றது. ஆனால் ஆட்சியை அவரிடம் ஒப்படைக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு ராணுவம் டாக்கா நகர மக்கள் மீது பாய்ந்தது. மாணவர்கள், ஆசிரியர்கள், சாதாரண மக்கள் என்று பலர் கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைக்க மக்கள் எல்லை தாண்டி ஓடி வந்தார்கள். அந்த ஆண்டில் ஏறத்தாழ 1 கோடி பேர் இந்தியாவுக்கு அகதிகளாக வந்தார்கள்.

வங்காளி இளைஞர்கள் திரும்பிப் போராடத் தொடங்கினார்கள். அவர்களுடைய படைக்கு 'முக்தி வாகினி' என்று பெயர். விடுதலைப் படை என்று பொருள். இந்தியா அவர்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமான தளங்களின் மீது குண்டு போட்டன. போர் மூண்டது.

நான்கு படகுகள்

கிழக்கு வங்காளம் ஆறுகளின் நாடு. கங்கையும் பிரம்மபுத்திராவும் அங்கேதான் பல நூறு கிளைகளாகப் பிரிந்து கடலில் கலக்கின்றன. சாலையைவிட ஆற்று வழியே அதிகம். ஆற்றைப் பிடித்தவனுக்கு ஊர் கிடைக்கும்.

தென்மேற்கில் மோங்லா என்று ஒரு துறைமுகம். அங்கிருந்து ஆற்றில் 40 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போனால் குல்னா நகரம் வரும். இந்த இரண்டு இடங்களையும் தாக்க ஒரு சிறிய படகுக் கூட்டம் புறப்பட்டது. அதன் தலைவர் கமாண்டர் சாமந்த்.

மொத்தம் நான்கே படகுகள். 'பன்வேல்' இந்தியக் கடற்படையின் ரோந்துப் படகு. 'சித்ராங்கதா' எல்லைப் பாதுகாப்புப் படையின் படகு. மற்ற இரண்டின் பெயர் 'பத்மா', 'பலாஷ்'. இவை பிறவியிலேயே போர்ப்படகுகள் அல்ல. கல்கத்தா துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவை. அவற்றின் மேல் பீரங்கிகளைப் பொருத்திப் போருக்கு அனுப்பினார்கள். வங்காளி மாலுமிகளும் இந்திய மாலுமிகளும் அவற்றில் சேர்ந்து வேலை செய்தார்கள். பாகிஸ்தான் கடற்படையில் இருந்து வெளியேறி வந்த வங்காளிகள் பலர் அதில் இருந்தார்கள்.

வங்கதேசக் கடற்படைக்கு இந்தப் படகுகள்தாம் தொடக்கம். நெல் மூட்டை ஏற்றும் வண்டியில் பீரங்கி கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டுதான் போனார்கள்.

சிமன் சிங் இந்தக் கூட்டத்தில் ஒருவர்.

டிசம்பர் 8-ஆம் தேதி முதல் அவர்களுடைய வேலை தொடங்கியது. சுந்தரவனக் காடு வழியாகப் போக வேண்டும். அது தண்ணீரில் நிற்கிற காடு. எங்கே ஆழம், எங்கே சேறு என்று தெரிவது கடினம். கடல் நீர் ஏறும்போது ஒரு மாதிரி இருக்கும், வற்றும்போது வேறு மாதிரி இருக்கும். இருபுறமும் மரங்கள். எந்த மரத்தின் பின்னால் எவன் துப்பாக்கியோடு நிற்கிறான் என்று தெரியாது.

டிசம்பர் 10 காலையில் மோங்லாவை அடைந்தார்கள். அங்கே பெரிய எதிர்ப்பு இல்லை. துறைமுகம் கைக்கு வந்தது. சித்ராங்கதா அங்கேயே நின்றுகொண்டது. மற்ற மூன்றும் குல்னாவை நோக்கிப் புறப்பட்டன.

வானத்திலிருந்து வந்த அடி

நண்பகல் நேரம். குல்னா நெருங்கிவிட்டது. வானத்தில் விமானங்கள் தெரிந்தன.

அவை இந்திய விமானங்கள். 'நாட்' என்ற சிறிய போர் விமானங்கள். படகுகளில் இருந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் பயம் வரவில்லை. நம்முடைய விமானங்கள்தானே! படகுகளின் மேற்புறத்தில் மஞ்சள் நிற அடையாளமும் இருந்தது. இவை நம் படகுகள் என்று விமானிகள் தெரிந்துகொள்வதற்காகச் செய்த அடையாளம் அது.

ஆனால் விமானிகள் அவற்றை எதிரிப் படகுகள் என்று நினைத்துவிட்டார்கள். கீழே பாய்ந்து வந்து தாக்கினார்கள். பத்மாவில் குண்டு விழுந்தது. பிறகு பலாஷிலும் விழுந்தது. இரண்டு படகுகளும் தீப்பற்றி மூழ்கின. பன்வேல் மட்டும் வளைந்து நெளிந்து ஓடித் தப்பியது.

நம் விமானமே நம் படகை அடித்தது என்று படிக்கும்போது மனம் கனக்கிறது. போரில் இப்படி நடப்பது உண்டு. வேகமாகப் பறக்கும் விமானத்தில் இருந்து பார்த்தால் கீழே படகு ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரியும். யோசிக்கக் கிடைப்பது சில நொடிகள். சிமன் சிங்குக்குப் பதக்கம் கொடுத்தபோது எழுதிய பாராட்டுரையில், படகு விமானத் தாக்குதலில் மூழ்கியது என்று மட்டும் இருக்கிறது. யாருடைய விமானம் என்று அதில் இல்லை. ஆனால் உண்மையை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. அதை மறைத்தால் அன்று ஆற்றில் விழுந்தவர்களின் நிலைமை நமக்குப் புரியாமலே போய்விடும்.

ஆற்றில்

சிமன் சிங் இருந்த படகு மூழ்கியது. வெடித்த குண்டின் துண்டுகள் அவர் உடம்பில் பாய்ந்திருந்தன. ரத்தம் ஒழுகும் உடம்போடு அவர் தண்ணீரில் விழுந்தார்.

மேலே விமானத்தின் அடி ஓய்ந்தாலும் ஆபத்து ஓயவில்லை. கரையில் பாகிஸ்தான் படை இருந்தது. ஆற்றில் தத்தளித்தவர்களைப் பார்த்து அங்கிருந்து சுட்டார்கள். நீந்துகிறவனால் திருப்பிச் சுட முடியாது. ஓடி ஒளிய மரமோ சுவரோ இல்லை. தலை தண்ணீருக்கு மேலே தெரிந்தால் குண்டு வரும். தலையை உள்ளே வைத்தால் மூச்சு முட்டும்.

சிமன் சிங் அந்த நேரத்தில் சுற்றிப் பார்த்தார். சிலர் மிதக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஓர் அதிகாரியும் இருந்தார்.

கிணற்றிலோ குளத்திலோ மூழ்குகிறவரைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மூழ்குகிறவர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார். காப்பாற்ற வந்தவரின் கழுத்தைக்கூட இறுக்கிவிடுவார். நல்ல உடம்போடு இருப்பவருக்கே அது பெரிய பாடு. இங்கே காப்பாற்ற வந்தவர் உடம்பிலேயே காயம். தண்ணீரைச் சுற்றிலும் துப்பாக்கிக் குண்டுகள்.

அவர் தனியாக நீந்திக் கரை ஏறியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. திணறியவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு நீந்தினார். குண்டு மழைக்கு நடுவே அவர்களைக் கரை சேர்த்தார்.

கரையில்

கரை சேர்ந்தால் உயிர் பிழைத்தாயிற்று என்று நினைப்போம். அன்று அப்படி இல்லை. கரையில்தான் எதிரி இருந்தான்.

நனைந்த உடம்போடு, காயத்தோடு, களைத்துப்போய்ச் சேற்றில் கிடக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து ஓடினால் எல்லோரும் மாட்டுவார்கள். அப்போது சிமன் சிங் எழுந்தார். மறைந்துகொள்ளவில்லை. எதிரியை நோக்கிப் பாய்ந்து ஓடினார்.

அவர் ஓடியதும் துப்பாக்கிகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. கண்கள் எல்லாம் அவர் மேல் இருந்தன. அந்த நேரத்தில் அவருடைய தோழர்கள் இருவர் தப்பிவிட்டார்கள்.

இரண்டு பேர். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த இரண்டு பேரின் வீட்டில் போய்க் கேட்டால் அது சிறிய எண்ணிக்கை இல்லை.

சிமன் சிங் தப்பவில்லை. எதிரிகள் பலர் சேர்ந்து அவரை மடக்கிப் பிடித்தார்கள். அவர் போர்க்கைதி ஆனார்.

டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரண் அடைந்தது. மறுநாள் 17-ஆம் தேதி குல்னாவில் இருந்த படையும் சரண் அடைந்தது. வங்கதேசம் என்ற புதிய நாடு விடுதலை பெற்றது. சிமன் சிங் இந்தியாவிடம் திரும்பி வந்தார். நேராக மருத்துவமனைக்குத்தான் போனார். குண்டுத் துண்டுகளால் பட்ட காயங்களுக்கு அங்கே சிகிச்சை நடந்தது.

திரும்பி வராதவர்

அதே நாளில், அதே ஆற்றில் இன்னொரு மாலுமி இருந்தார். அவரையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை அரைக் கதை.

அவர் பெயர் முகமது ருகுல் அமீன். நவகாளி மாவட்டத்து வங்காளி. முன்பு பாகிஸ்தான் கடற்படையில் எஞ்சின் வேலை பார்த்தவர். தன் மக்களுக்கு நடந்த கொடுமையைப் பார்த்து வெளியே வந்து விடுதலைப் படையில் சேர்ந்தார். பலாஷ் படகின் எஞ்சின் அறை அவர் பொறுப்பில் இருந்தது.

படகைக் கைவிடும்படி உத்தரவு வந்தது. மற்றவர்கள் ஆற்றில் குதித்தார்கள். ருகுல் அமீன் எஞ்சினை விட்டு வரவில்லை. எப்படியாவது படகைக் காப்பாற்றப் பார்த்தார். முடியவில்லை. பலத்த காயத்தோடு கரை சேர்ந்தார். அங்கே பாகிஸ்தான் படைக்குத் துணையாக இருந்த 'ரஜாக்கார்'கள் அவரைக் கொன்றுவிட்டார்கள்.

ரூப்சா ஆற்றங்கரையில் அவருடைய கல்லறை இருக்கிறது. வங்கதேசம் தன் மிக உயர்ந்த வீர விருதான 'வீர சிரேஷ்டா' விருதை அவருக்குக் கொடுத்தது. அந்த விருது பெற்றவர்கள் மொத்தம் 7 பேர். அவர்களில் கடற்படையைச் சேர்ந்தவர் ருகுல் அமீன் ஒருவர் மட்டுமே.

பதக்கம்

இப்போது அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு வருவோம்.

ராணுவப் பதக்கங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பணியில் இருந்ததற்காகக் கொடுப்பது. ஒரு போர் நடந்த காலத்தில், அந்த இடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது கிடைக்கும். 1971 போருக்காக 'சங்கிராம் பதக்கம்' என்று ஒன்று கொடுத்தார்கள். கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்குப் 'பூர்வி ஸ்டார்', மேற்கில் இருந்தவர்களுக்குப் 'பச்சிமி ஸ்டார்'. பூர்வி என்றால் கிழக்கு. பச்சிமி என்றால் மேற்கு. நம் ஊர் முன்னாள் வீரர்களின் சட்டையில் தொங்குபவற்றில் இவை இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். இவற்றைச் சாதாரணம் என்று நினைக்க வேண்டாம். பனியிலும் சேற்றிலும் நின்றதற்குக் கிடைத்தவை அவை.

இன்னொரு வகை, வீரச் செயலுக்காகக் கொடுப்பது. இது எல்லோருக்கும் கிடைக்காது. போர்க்களத்தில் எதிரியின் முன்னே காட்டிய வீரத்துக்கு மூன்று பதக்கங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் உயர்ந்தது பரம் வீர் சக்கரம். அடுத்தது மகா வீர் சக்கரம். அதற்கு அடுத்தது வீர் சக்கரம். 1950 ஜனவரி 26 அன்று, நாடு குடியரசான அதே நாளில், இந்த மூன்றையும் ஏற்படுத்தினார்கள். தரை, கடல், வானம் மூன்று படைக்கும் இவை பொது. அதிகாரிக்கு ஒன்று, சிப்பாய்க்கு ஒன்று என்ற பேதம் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் வீரச் செயலுக்கான சில பதக்கங்கள் அதிகாரிக்கு வேறு, சிப்பாய்க்கு வேறு என்று இருந்தன.

சிமன் சிங்குக்குக் கிடைத்தது மகா வீர் சக்கரம்.

அது வெள்ளியால் ஆன வட்டமான பதக்கம். குறுக்களவு ஏறத்தாழ 3.5 சென்டிமீட்டர். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளலாம். முன்பக்கம் ஐந்து முனை நட்சத்திரம். அதன் நடுவில் பொன் பூசிய சிங்க முத்திரை. பின்பக்கம் 'மகா வீர் சக்கரம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் பொறித்திருக்கும். அதைத் தாங்கும் ரிப்பனில் பாதி வெள்ளை, பாதி காவி நிறம்.

1971 போரில் கடற்படைக்கு 8 மகா வீர் சக்கரங்கள் கிடைத்தன. அவற்றில் மூன்று, குல்னா ஆற்றில் போன இந்தச் சிறிய படகுக் கூட்டத்துக்கே வந்தன. ஒன்று தலைவர் சாமந்துக்கு. ஒன்று பன்வேல் படகின் அதிகாரி நொரோன்யாவுக்கு. மூன்றாவது சிமன் சிங்குக்கு. அந்த 8 பேரில் 7 பேர் அதிகாரிகள். சிமன் சிங் ஒருவர்தான் மாலுமி.

பதக்கத்தோடு ஒரு பாராட்டுரையும் உண்டு. இவர் இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன காரியம் செய்தார் என்று அதில் எழுதியிருப்பார்கள். பதக்கம் கொடுக்கும் விழாவில் அதை எல்லோரும் கேட்கும்படி படிப்பார்கள். சிமன் சிங்கின் பாராட்டுரை பெரிய கட்டுரை அல்ல. ஒரு தாளில் சில வரிகள்தான். அதில் எத்தனை பேரைச் சுட்டார் என்ற கணக்கு இல்லை. தன் காயத்தைப் பாராமல் தண்ணீரில் திணறியவர்களைக் கரை சேர்த்தார், தன்னைக் குண்டுக்குக் காட்டி இருவரைத் தப்ப வைத்தார், பிறகு பிடிபட்டார் என்றுதான் இருக்கிறது. பிடிபட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

நம் ஊரில் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் வீட்டிலும் இப்படித் தாள்கள் இருக்கும். பதக்கத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். தாளை மட்டும் கரையான் அரித்துவிடும். பதக்கத்தில் ஒரு பெயரும் எண்ணும் இருக்கலாம். அது எதற்காக வந்தது என்ற விவரம் தாளில்தான் இருக்கும். ஓய்வூதியம் போன்றவற்றுக்கும் அந்தத் தாள்கள் தேவைப்படும். சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். வீரர் இறந்துபோயிருந்தால் அவர் மனைவியும் அங்கே போய்க் கேட்கலாம்.

பேசிப் பாருங்கள்

1. அரியானாவில் கடல் இல்லை. உங்கள் ஊரில் இருந்து தூர தேசத்து வேலைக்குப் போனவர்கள் யார்? என்ன வேலைக்குப் போனார்கள்?

2. படகுகளின் மேல் மஞ்சள் அடையாளம் ஏன் வைத்தார்கள்? அது ஏன் பயன்படாமல் போயிருக்கும்?

3. கரையில் சிமன் சிங் மறைந்துகொள்ளாமல் ஏன் எதிரியை நோக்கி ஓடினார்?

4. பூர்வி ஸ்டாருக்கும் மகா வீர் சக்கரத்துக்கும் என்ன வேறுபாடு?

5. உங்கள் ஊரில் தண்ணீரிலோ தீயிலோ சிக்கியவரைக் காப்பாற்றியவர் உண்டா? அவர் பெயர், நாள், இடம், செய்த காரியம் ஆகியவற்றை ஐந்து வரியில் எழுதுங்கள். எழுதியதை வகுப்பில் உரக்கப் படியுங்கள்.